பிறர் படையில் போரிட்டோர்: பாரசீகம் முதல் யாழ்ப்பாணம் வரை

ரஷ்ய இராணுவத்தில் இணைந்துகொண்ட இலங்கையரின் தொகை 554 என்றும், அவர்களுள் 59 பேர் உயிரிழந்துவிட்டனர் என்றும் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அவ்வாண்டு ஜனவரி 20ஆம் திகதி வரையான கணக்கு அது. சென்றவர்களுள் ஓய்வுபெற்ற படையினர் பலர். ஐரோப்பாவுக்கு அனுப்பிவைப்பதாகக் கூறிய முகவர்களை நம்பிப் புறப்பட்ட வடபுலத்து இளைஞர்கள் சிலரும் அப்படையில் அகப்பட்டுக்கொண்டதாக அவர்களது குடும்பத்தினர் முறையிட்டனர். தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு போரில், தாம் அறியாத மொழியில் இடப்படும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து உயிர்விடும் நிலைக்கு இவர்கள் எவ்வாறு வந்தனர் என்ற கேள்வி அப்போது பலராலும் எழுப்பப்பட்டது.

ஆயினும் இது நமது காலத்தில் மட்டும் தோன்றிய அவலம் அன்று. இந்திய உபகண்டத்து மனிதர் கடல் கடந்தும் மலை கடந்தும் பிறருடைய போருக்குச் சென்ற வரலாறு ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழைமை உடையது. அதன் முதல் அத்தியாயம் பாரசீகத்தில் எழுதப்பட்டது. அதன் பிற்பட்ட அத்தியாயங்களுள் சில நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே எழுதப்பட்டன. இவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது, பழங்காலப் படைகளைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணங்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பேரரசனின் படையில் பருத்தி உடுத்தோர்

கி.மு. 522 முதல் 486 வரை ஆட்சி செய்த பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் சிந்து நதிப் பிரதேசத்தைத் தனது ஆட்சிக்குள் கொண்டுவந்தான். அவனது கல்வெட்டுக்களில் கந்தாரம், ஹிந்துஷ் ஆகிய பெயர்கள் அவனுக்கு அடங்கிய நாடுகளின் வரிசையில் காணப்படுகின்றன. ஹிந்துஷ் என்பது சிந்து என்ற பெயரின் பாரசீக உச்சரிப்பாகும். இந்தியா, இந்து என்னும் பெயர்களெல்லாம் இந்த வழியிலேயே உலக வழக்கிற்கு வந்தன. ஆகவே, பாரசீகப் படையில் இருந்த 'இந்தியர்' என்று பண்டைய நூல்கள் கூறும்போது, அவர்களைத் தமிழர் என்றோ தென்னாட்டவர் என்றோ கொள்ளுதல் பொருந்தாது. பெரும்பாலும் இன்றைய பாகிஸ்தான் அமைந்துள்ள நிலப்பரப்பின் மக்களே அவர்கள்.

இந்தப் பிரதேசம் பேரரசுக்குச் செலுத்திய திறையும் சிறியதன்று. ஆண்டுதோறும் 360 தாலந்து நிறையுள்ள பொற்றூள் அங்கிருந்து சென்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பொன்னைப் போலவே மனிதரும் திறையாகவே சென்றனர். பேரரசன் போருக்கு அழைத்தால் ஒவ்வொரு மாகாணமும் தனது படைப்பங்கை அனுப்பவேண்டும். வரி என்பது பொன்னில் மட்டுமன்றி ஆளிலும் அறவிடப்பட்டது.

கி.மு. 480இல் டேரியஸின் மகன் செர்க்ஸஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்தபோது இவ்விந்தியரும் அப்பெரும் படையில் சென்றனர். அவர்கள் பருத்தி ஆடை உடுத்திருந்தனர். மூங்கிலாலோ பிரம்பாலோ ஆன வில்லையும், இரும்பு முனை பொருத்திய அம்புகளையும் ஏந்தியிருந்தனர் என்று ஹெரோடோட்டஸ் குறித்துள்ளார். கம்பளி ஆடையே பழக்கமான கிரேக்கருக்குப் பருத்தி மரத்தில் விளையும் கம்பளியாகத் தோன்றியது. காலாட்படையினர் தவிரக் குதிரை வீரரும், குதிரைகளும் காட்டுக் கழுதைகளும் பூட்டிய தேர்களில் வந்தோரும் இருந்தனர்.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இந்தியக் காலாட்படையின் தளபதி பெயரை ஹெரோடோட்டஸ் கூறுகிறார். அர்த்தபாதெசின் மகன் பர்னசாத்ரெஸ் என்பது அப்பெயர். அது பாரசீகப் பெயர். அவனுக்குக் கீழே நின்ற இந்தியருள் ஒருவரின் பெயரேனும் அந்நூலில் இல்லை. உடையும் ஆயுதமும் வரலாற்றில் இடம்பெற்றன. அவற்றை அணிந்தும் ஏந்தியும் நின்ற மனிதர் இடம்பெறவில்லை.

சலாமிஸ் கடற்போரில் தோல்வியுற்ற பின்னர் செர்க்ஸஸ் தாயகம் திரும்பினான். கிரேக்கத்தில் தங்கிப் போரைத் தொடர்வதற்கு அவனுடைய தளபதி மார்தோனியஸ் தெரிவுசெய்த படைப்பிரிவுகளுள் இந்தியரும் இருந்தனர். கி.மு. 479இல் பிளாத்தியாவில் நிகழ்ந்த இறுதிப் போரில் மார்தோனியஸ் கொல்லப்பட்டான். பாரசீகப் படை சிதறியது. அரசன் வீடு திரும்பிவிட்ட போரில் இந்தியர் இறுதிவரை களத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், கி.மு. 331இல், இன்றைய வட ஈராக்கிலுள்ள கவுகமேலாவில் மகா அலெக்சாந்தரும் மூன்றாம் டேரியஸும் மோதியபோதும் சிந்துப் பிரதேச வீரரும் ஏறத்தாழ 15 யானைகளும் பாரசீகர் தரப்பில் நின்றதாக வரலாற்றாசிரியர் ஆரியன் கூறுகிறார். இந்தியரும் பாரசீகக் குதிரைப்படையினர் சிலரும் அலெக்சாந்தரின் அணியைப் பிளந்து, அவனது படைப் பொதிகள் வைக்கப்பட்டிருந்த இடம்வரை சென்றுவிட்டனராம். எனினும் போர் தோல்வியில் முடிந்தது. அப்போரில் இந்தியரில் ஒரு பகுதியினருக்குத் தலைமை தாங்கிய ஆளுநர் பர்சயெந்தஸ் பின்னர் சிந்துப் பிரதேசத்துக்குத் தப்பியோடியபோது, அங்கிருந்த இந்தியரே அவனைப் பிடித்து அலெக்சாந்தரிடம் ஒப்படைத்தனர். பேரரசு வீழ்ந்ததும் அதன் ஆளுநருக்கும் அவனுடைய படையினரின் நாட்டவருக்கும் இடையிலிருந்த பிணைப்பு அறுந்துபோயிற்று. திறையினால் ஏற்பட்ட பிணைப்பு திறை வாங்குவோன் இருக்கும்வரையில் மட்டுமே நிலைக்கும்.

ஈரானின் நக்ஷ் இ ருஸ்தமில் உள்ள முதலாம் டேரியஸின் கல்லறையில், பேரரசின் பல்வேறு நாட்டவரும் அரசனின் சிம்மாசனத்தைத் தாங்கி நிற்பதாகச் செதுக்கப்பட்டுள்ளது. அவர்களுள் சிந்து நாட்டவனும் கந்தார நாட்டவனும் உளர். அங்குள்ள கல்வெட்டு, பாரசீகனின் ஈட்டி வெகுதூரம் சென்றுள்ளது எனப் பெருமிதம் கொள்கிறது. தூரம் சென்ற ஆயுதங்களுள் சிந்துக்கரையின் பிரம்பு வில்லும் இருந்தது என்பதை அக்கல்வெட்டு கூறாது.

தமிழகத்திலும் ஈழத்திலும்

பிறநாட்டு வீரரைப் படையில் வைத்திருத்தல் பாரசீகருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, அரசனின் பாசறையில் யவனர் காவல் புரிந்ததைக் காட்டுகிறது. மதுரைக் கோட்டை வாயிலில் யவனர் காவல் நின்றதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. மேற்கிலிருந்து வந்தவர்கள் தமிழ் மன்னனுக்கு வாளேந்தினர்.

ஈழத்து வரலாறு இதனினும் சுவையானது. அரசுரிமையை இழந்து இந்தியா சென்ற சிங்கள இளவரசன் மானவர்மன் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனிடம் சேவை புரிந்தான். பல்லவரின் பகைவருக்கு எதிரான போரிலும் பங்கேற்றான். அதற்குக் கைம்மாறாகப் பல்லவப் படை அவனுக்கு வழங்கப்பட்டது. முதல் முயற்சி தோல்வியடைந்து, இரண்டாவது முயற்சியில் அவன் அநுராதபுர அரியணையைக் கைப்பற்றினான் என்று சூளவம்சம் கூறுகிறது. சிங்கள இளவரசன் தமிழ் மன்னனின் படைவீரனாக இருந்தான். தமிழகத்திலிருந்து வந்த படை சிங்கள மன்னனை அரியணை ஏற்றியது. இதனை எந்த இனத்தின் வெற்றி என்பது?

வேளைக்காரரின் கதை மேலும் சிந்திக்கத்தக்கது. சோழரை வென்று 1070இல் பொலநறுவையை மீட்ட முதலாம் விஜயபாகுவின் படையில் வேளைக்காரர் எனப்படும் தென்னிந்தியப் படைப்பிரிவினர் பெருந்தொகையாக இருந்தனர். வேளை வந்தபோது அரசனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சபதம் ஏற்றவர்கள் என்று அப்பெயருக்கு விளக்கம் கூறுவர். சோழருக்கு எதிராகப் படையெடுத்துச் செல்ல விஜயபாகு ஆயத்தம் செய்தபோது வேளைக்காரர் செல்ல மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். தளபதிகள் இருவரைக் கொன்றனர். அரசனின் சகோதரியையும் அவளது புதல்வரையும் சிறைபிடித்தனர். அரண்மனைக்கும் தீ வைத்தனர். மன்னன் தலைநகரை விட்டு வெளியேறிப் பின்னர் திரும்பிவந்து அவர்களை அடக்கினான். கிளர்ச்சித் தலைவர்களைத் தனது தளபதிகளின் ஈமத்தீயைச் சுற்றிக் கட்டி எரித்தான் எனச் சூளவம்சம் விவரிக்கிறது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், அந்நியப் படையினரின் துரோகம் என்று அதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் விஜயபாகு 1110இல் மறைந்த பின்னர், அரசுரிமைப் போட்டியால் நாடு குழம்பியிருந்த காலத்தில், பொலநறுவையில் புத்தரின் தந்ததாது வைக்கப்பட்டிருந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பைப் பௌத்த பிக்குமாரில் மூத்தவரான முகலன் தேரர் இதே வேளைக்காரரிடமே ஒப்படைத்தார். அவர்கள் அதனை ஏற்றுத் தமது பெயரையே அவ்வாலயத்திற்குச் சூட்டி, உயிர் கொடுத்தேனும் அதனையும் அதன் உடைமைகளையும் காப்பதாக உறுதி கூறினர். இதனைத் தெரிவிக்கும் கல்வெட்டு தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. இன்றும் பொலநறுவையில் உள்ளது. அதில் வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் முதலிய பிரிவுகளின் பெயர்கள் காணப்படுகின்றன. பௌத்தத்தின் அதிமேன்மையான புனிதப் பொருளை, தமிழ் பேசும் சைவப் படையினர் காத்தனர் என்பதற்கு அக்கல்லே சாட்சி. வேளைக்காரர் கிளர்ந்ததும் காத்ததும் அவர்களுடைய பிறப்பினால் நிகழவில்லை. செய்த சபதம், பெற்ற ஊதியமும் நிலமும், இடப்பட்ட கட்டளை ஆகியவையே அவர்களின் நடத்தையைத் தீர்மானித்தன.

யாழ்ப்பாண இராச்சியத்தின் காவலர்

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் தாம்பிரலிங்கத்திலிருந்து வந்த சந்திரபானுவின் சாவகப் படைகள் இலங்கையின் மீது படையெடுத்தன. சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயர் அச்சாவகரை நினைவூட்டுவதாக ஆய்வாளர் பலர் கருதுவர். தென்கிழக்காசியாவிலிருந்து வந்த வீரரின் சுவடு குடாநாட்டின் நடுவே ஓர் ஊரின் பெயராக நிலைத்திருத்தல் கூடும்.

பாரசீகத்தோடு நேரடித் தொடர்புடைய செய்தியொன்றும் யாழ்ப்பாண இராச்சிய வரலாற்றில் உண்டு. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அம்மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், அவரிடம் பெரும் கப்பற்படை இருந்தது என்றும், அக்கப்பல்கள் யெமன் வரை செல்லும் என்றும் அவர் எழுதியுள்ளார். அக்காலத்தில் இந்து சமுத்திர வணிகத்தின் பொது மொழிகளுள் ஒன்றாகப் பாரசீகம் விளங்கியது. தமிழ் மன்னரும் முஸ்லிம் யாத்திரிகரும் பாரசீகத்தில் உரையாடி, மன்னர் வழங்கிய பல்லக்குடனும் துணையாட்களுடனும் யாத்திரிகர் பாவா ஆதம் மலையைத் தரிசிக்கச் சென்றார்.

போர்த்துக்கேயர் வந்த பின்னர் இக்கடல் உறவு படை உறவாக மாறியது. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களான மரக்காயர்கள் இலங்கை மன்னரின் துணைக்கு வந்தனர். சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட அவர்களது கடற்படை 1538இல் இராமேஸ்வரத்துக்கு அண்மையிலுள்ள வேதாளையில் போர்த்துக்கேயரால் முறியடிக்கப்பட்டது. மறு ஆண்டில் மாயாதுன்னை போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்யவேண்டி வந்தபோது, தனக்கு உதவ வந்த மரக்காயத் தலைவர்களைக் கொன்று அவர்களது தலைகளையே ஒப்புக்கொடுத்தான். உதவிக்கு வந்தோர் சமாதானத்தின் விலையாக ஆக்கப்பட்டனர்.

1591இல் யாழ்ப்பாண மன்னன் புவிராஜ பண்டாரம் மன்னாரிலிருந்த போர்த்துக்கேயரை விரட்ட முற்பட்டபோதும் கோழிக்கோட்டு முஸ்லிம் கடலோடிகளே அவனுக்குத் துணை வந்தனர். அந்திரே பூர்த்தாதோ தே மென்டோன்சா என்ற போர்த்துக்கேயத் தளபதி முதலில் அக்கடற்படையை அழித்தான். அதன் பின்னரே அவனால் யாழ்ப்பாணத்தில் தரையிறங்கி நல்லூரைக் கைப்பற்ற முடிந்தது. மன்னன் கொல்லப்பட்டான். கடலில் மரக்காயர் வீழ்ந்ததும் தரையில் இராச்சியம் வீழ்ந்தது.

இறுதி மன்னனான சங்கிலி குமாரனின் காலத்திலும் நிலைமை வேறன்று. 1618இல் உள்நாட்டுக் கிளர்ச்சி எழுந்தபோது அவன் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரின் உதவியை நாடினான். வருணகுலத்தான் தலைமையில் தஞ்சைப் படை வந்து அவனை மீண்டும் அமர்த்தியது. மலபார்க் கடலோடிகளின் துணையும் அவனுக்கு இருந்தது. 1619இல் பிலிப் தே ஒலிவேரா படையெடுத்து வந்து சங்கிலியைச் சிறைபிடித்தான். 1623இல் கோவாவில் மன்னனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. மன்னன் சிறைப்பட்ட பின்னரும் 1620, 1621ஆம் ஆண்டுகளில் தஞ்சைப் படையினர் மீண்டும் வந்து போரிட்டனர்.

ஆக, யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசி நூற்றாண்டில் அதன் காவலுக்கு நின்றோர் யாழ்ப்பாணத்தவர் மட்டும் அல்லர். தெலுங்கு பேசிய நாயக்கரின் படையும், மலையாளக் கரையின் முஸ்லிம் மரக்காயரும் அதற்காகக் குருதி சிந்தினர். அதேவேளை, உள்ளூர்ப் பிரதானிகள் சிலர் போர்த்துக்கேயர் பக்கம் நின்றனர். சிங்கள லஸ்கரின்களும் போர்த்துக்கேயப் படைகளில் இருந்தனர். சங்கிலி மன்னனை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், அவனது முன்னோனுக்காகக் கடலில் மாண்ட முஸ்லிம் மாலுமிகளை நினைவுகூர்வதில்லை. இந்த மறதியின் பாரம் சிறிதன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் முஸ்லிம்களுக்கு இருந்த பங்கும் பலரது நினைவிலிருந்து வெளியேற்றப்பட்டது.

எண்ணிக்கையாகிப் போனோர்

லஸ்கரின் என்ற சொல் படை எனப் பொருள்படும் லஷ்கர் என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது. சிப்பாய் என்று நாம் வழங்குவதும் சிபாஹி என்ற பாரசீகச் சொல்லே. ஒரு காலத்தில் பாரசீகப் படைக்கு ஆள் அனுப்பிய உபகண்டம், பின்னர் பாரசீகச் சொற்களாலேயே தனது படையினரை அழைத்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிரித்தானியர் கைப்பற்றியபோதும் சென்னையிலிருந்து வந்த சிப்பாய்கள் அப்படையில் இருந்தனர்.

முதலாம் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, பிரித்தானியா அனுப்பிய படையில் பெரும்பாலோர் இந்தியரே. 1916 ஏப்ரலில் கூத் என்னுமிடத்தில் துருக்கியரிடம் சரணடைந்த ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பகுதியினர் அவர்களே. 1941 ஓகஸ்டில் பிரித்தானியா ஈரானுக்குள் நுழைந்தபோதும் இந்தியப் படைப்பிரிவுகளே முன் சென்றன. டேரியஸின் காலத்தில் பாரசீகனுக்காக மேற்கு நோக்கிச் சென்றவர்களின் நாட்டிலிருந்து, பிரித்தானியனுக்காகப் பாரசீகத்தின் மீதே வீரர் சென்றனர்.

கல்லறை அடையாளம் தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக ஈராக்கின் பஸ்ரா நகரில் ஒரு போர் நினைவகம் எழுப்பப்பட்டது. அதில் பிரித்தானிய வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள், படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். இத்தகைய பாகுபாடு நிகழ்ந்ததைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஹெரோடோட்டஸ் தளபதியின் பெயரை எழுதி வீரனின் உடையை மட்டும் எழுதியதற்கும், பஸ்ராவின் கல்லுக்கும் இடையே 2,300 ஆண்டுகளுக்கு மேல் சென்றிருந்தன. சாதாரண வீரனின் நிலை மாறவில்லை.

நாம் கற்கவேண்டியது

இவ்வரலாறு இரண்டு விடயங்களைத் தெளிவாக்குகின்றது. முதலாவது, பண்டைய போர்களை இன்றைய இனங்களின் போர்களாகப் பார்க்கக் கூடாது என்பது. எந்தப் பெருமன்னனின் படையும் ஓரினப் படையாக இருந்ததில்லை. பாரசீகன் படையில் சிந்து நாட்டவன். பாண்டியன் கோட்டையில் யவனன். பல்லவன் படையில் சிங்கள இளவரசன். பொலநறுவையில் தமிழ் வேளைக்காரன். யாழ்ப்பாணக் கடலில் மலையாள முஸ்லிம் மரக்காயன். பழைய படைகளை இனவாரியாகப் பிரித்து இன்றைய பகைக்கு ஆதாரம் தேடுவோர், தமக்கு வேண்டாத பெயர்களை நீக்கிவிட்டே வரலாற்றை வாசிக்கின்றனர்.

இரண்டாவது விடயம் இன்னும் அவசரமானது. பிறர் படைக்குச் சென்றவனைப் பிணைத்தது சில வேளைகளில் திறை, சில வேளைகளில் ஊதியம், சில வேளைகளில் நிலம் அல்லது சபதம். அந்தப் பிணைப்பு அறுந்ததும் அவனுக்காகப் பேச அந்த நாட்டில் எவரும் இருக்கவில்லை. சொந்த நாடும் அவனை மறந்தது. இன்று திறையின் இடத்தை வறுமையும், கடனும், முகவரின் வாக்குறுதியும் எடுத்துக்கொண்டுள்ளன. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் தொழிலின்மையால் நிலம் விட்டு நிலம் பெயரும் இளைஞனுக்கு, அவன் ஒப்பமிடும் தாளில் எழுதப்பட்டுள்ள மொழி விளங்குவதில்லை.

அன்றைய அரசுகள் ஆளை அனுப்பிவிட்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டன. இன்றைய அரசுக்கு அந்த உரிமை கிடையாது. 554 என்றும் 59 என்றும் சபையில் கூறுவதோடு கடமை முடிந்துவிடாது. சென்றவர் யார், எவ்வழியில் சென்றார், எந்த முகவர் அனுப்பினார், உயிரோடு உள்ளாரா, இறந்திருப்பின் உடலும் இழப்பீடும் குடும்பத்தைச் சென்றடைந்தனவா என்பவற்றைப் பெயர் பெயராகக் கண்டறிந்து பெற்றோருக்குத் தெரிவிக்கவேண்டும். ஏமாற்றிய முகவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தவேண்டும். நமது சமூக அமைப்புக்களும், கோவில்களும், பள்ளிவாசல்களும், தேவாலயங்களும் இவ்வாறான பயணத்திற்கு ஆயத்தமாகும் இளைஞரை முன்கூட்டியே எச்சரிக்கவேண்டும்.

பிளாத்தியாவில் மாண்ட வில்லாளியின் பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. நமது காலத்தில் சென்றவர்களின் பெயர்களை அவர்களது தாய்மார் அறிவர். அவை வெறும் இலக்கங்களாகிவிடாமல் காப்பது நம்மால் இயலும் காரியமே.